உயரமான கோப்பு முதலில்

நிஷிதானி தோகுஜியின் விண்ணப்பம் வரிசையில் இரண்டாவதாக இருந்தது. லிஃப்ட் கேட்டு எழுதிப் போட்ட முன்னூற்றுப் பன்னிரண்டு அரசுக் குடியிருப்புகளில் இரண்டாவது என்றால் லேசான விஷயமா? கடிதம் வந்த அன்று அதைத் தன் மனைவி மிட்சுயோவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். 'உங்களுக்கு முன்னால் ஒரே ஒரு கோப்புதான் பரிசீலனையில் உள்ளது' என்று அழகாக அச்சடித்திருந்தது.

அந்த ஒரே ஒரு கோப்பு, பூமியிலிருந்து விண்வெளிக்குப் போகும் லிஃப்டைப் பற்றியது. உயரம் ஒரு லட்சம் கிலோமீட்டர்.

நடந்தது இதுதான். வானத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் ஒரு பெட்டியை ஏற்ற முடியுமா, முடியாதா என்று ஆராய இருபத்தாறு வருஷங்களுக்கு முன்னால் டோக்கியோவில் ஒரு வாரியம் அமைத்தார்கள். பெயர், செங்குத்துப் போக்குவரத்துச் சாத்தியக்கூறு வாரியம். பிறகு நிர்வாகச் சீர்திருத்தம் என்று ஒன்று வந்தது. 'அதுவும் லிஃப்ட்தானே' என்று சொல்லி, அரசுக் குடியிருப்புகளின் லிஃப்ட் விண்ணப்பங்களையும் அங்கேயே தள்ளிவிட்டார்கள். எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, வாரியத் தலைவர் சைகுசா ஒரு விதி செய்தார்: உயரமானது முதலில். இதில் பாரபட்சம் கிடையாது, சிபாரிசு கிடையாது, அளவு நாடா பொய் சொல்லாது என்று அவரே அதற்கு விளக்கமும் எழுதினார்.

இந்த நாட்டில் பெரிய அதிகாரிகள் ஓய்வு பெற்ற பின் இப்படி வாரியங்களில் வந்து உட்காருவதை, வானிலிருந்து இறங்குவது என்பார்கள். ஆக, மேலே போவதற்கு வழி தேடும் வேலை, மேலிருந்து இறங்கியவர்கள் கையில் இருந்தது. அவர்களுக்கு என்ன அவசரம்?

அவசரம் மிட்சுயோவுக்கு இருந்தது. பதினாலாம் எண் கட்டடம், எல்லாருக்கும் முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் கட்டியது. ஐந்து மாடி, பதின்மூன்று மீட்டர் நாற்பது சென்டி, அறுபத்து நான்கு படி. பதினாலு மாதங்களுக்கு முன்னால் அந்தப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவள் ஐந்தாவது மாடியிலேயே இருந்தாள். சமதரையில் கோலூன்றி நடப்பாள். படி மட்டும் ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தோகுஜி முதுகில் சுமந்து இறக்குவார். அவமானத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

ஜன்னலில் நின்றால் இரண்டு தெரு தள்ளி வெந்நீர்க் குளியல் கூடத்தின் புகைபோக்கி தெரியும். முப்பது வருஷமாகச் சாயங்காலம் நாலு மணிக்கு, கூடம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் உட்காருகிறவள் அவள். அவளுடைய பிளாஸ்டிக் குளியல் கிண்ணமும் துண்டும் சோப்புப் பெட்டியும் இன்னும் வாசல் ஆணியிலேயே தொங்கின.

"முதுகுல ஏறிக்கோ, பத்து நிமிஷம். கொண்டுபோய் விட்டுடறேன்" என்று தோகுஜி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

"என் கால்லயே போவேன், இல்லேன்னா லிஃப்ட்ல நின்னுகிட்டுப் போவேன். அந்த வாசல்ல மூட்டை மாதிரி இறங்க மாட்டேன். முப்பது வருஷம் நிமிந்து போன இடங்க அது."

அந்தக் கூடத்தையும் மார்ச் முப்பத்தோராம் தேதியோடு மூடப் போகிறார்கள் என்று செப்டம்பரில் அறிவிப்பு ஒட்டினார்கள். முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர்கள் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டு, கம்பி மாற்றி, கதவு சரிசெய்த மனிதர் தோகுஜி. சொந்த மனைவியை ஐந்து மாடி இறக்க வழியில்லை. அதை நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அக்டோபரில் வாரியத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. விதிப்படி ஆய்வுக் குழுவில் 'லிஃப்டைக் கையால் தொட்ட' உறுப்பினர் ஒருவர் இருந்தாக வேண்டுமாம். இருபத்தாறு வருஷம் கழித்து யாரோ அந்த விதியைப் படித்திருக்கிறார்கள். முதல் கோப்பு முடிந்தால்தானே இரண்டாவது கோப்பு? தோகுஜி உடனே ஒப்புக்கொண்டார்.

வாரியத்தின் அலுவலகம் எட்டாவது மாடியில். முதல் கூட்டத்தன்று கீழே லிஃப்ட் வாசலில் பதினோரு உறுப்பினர்கள் கூடியிருந்தார்கள். கதவு திறந்தது.

"நீங்க முன்னாடி போங்க."

"ஐயையோ, உங்களுக்கு முன்னாடி நானா? நீங்க போங்க."

"தப்பு, தப்பு. நீங்கதான்."

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் காலியாக எட்டாவது மாடிக்குப் போய், காலியாகத் திரும்பி வந்தது. மறுபடி அதே உபசாரம், மறுபடி அதே காலிப் பயணம். மூன்றாவது தடவை தோகுஜி பக்கத்தில் நின்ற செயலாளர் ஹாமாசாகியிடம் மெல்லக் கேட்டார்.

"தினமும் இப்படித்தானா?"

"நாலு பேர் ஒரே வருஷத்துல ஓய்வு பெற்றவங்க, நிஷிதானி. யாரு மூத்தவருன்னு இன்னும் முடிவாகல. அதுக்கு ஒரு துணைக்குழு இருக்கு."

"அந்தத் துணைக்குழு எங்க?"

"எட்டாவது மாடியிலதான் கூடணும். அவங்களும் இன்னும் மேல போகல."

தோகுஜி நேராக உள்ளே போய், கதவைப் பிடித்து வைக்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றார். பதவியில் கடைசி ஆள்தான் பொத்தான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது மரபு; அவர் வந்து நின்றுவிட்டதால் மற்றவர்களுக்கு உயிர் வந்தது. சைகுசா பொத்தானுக்குப் பின்னால் மூலையில், பெரியவருக்கு உரிய இடத்தில் போய் நின்றார். வாரியத்தில் எல்லாரும் ஒன்றாக மேலே போனது அதுதான் முதல் தடவை என்று அன்றைய கூட்டக் குறிப்பில் பதிவானது.

கூட்டத்தில் நான்காவது பொருள் விவாதத்துக்கு வந்தது. பதினோரு வருஷமாக அதே நான்காவது பொருள்தான் வந்துகொண்டிருக்கிறது: விண்வெளி லிஃப்டில் யார் எங்கே நிற்பது?

பயணம் ஏழரை நாள். கடைசி ஆள் பொத்தான் பக்கத்தில் நின்றாக வேண்டும் என்பதால், ஏழரை நாளும் அவன் நின்றுகொண்டே வரவேண்டும் என்று ஆறாவது வருஷத்தில் முடிவு செய்திருந்தார்கள். பொத்தான்கள் இரண்டே இரண்டு, 'மேலே', 'கீழே'. அதை ஒரு தடவை அமுக்கினால் போதாதா என்று கேட்ட உறுப்பினரை வேறு வாரியத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போதைய சிக்கல் வேறு. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் எடையே இல்லாமல் போகிறது. எல்லாரும் மிதப்பார்கள். அங்கே எது மேல், எது கீழ்? மூலை எது? தலைவர் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு எழுத்தர் மிதந்து வந்துவிட்டால்?

அறையில் கவலை கனத்தது. தோகுஜி தயக்கத்தோடு கை தூக்கினார்.

"மன்னிக்கணும். அந்தக் கயிறு... அதை யாராவது செஞ்சு பாத்திருக்காங்களா? அவ்வளவு பலமான இழையை ஆய்வுக்கூடத்துல முழம் ஒண்ணரை முழத்துக்குத்தான் இழுக்க முடிஞ்சிருக்குன்னு எங்கயோ படிச்சேன். நமக்கு லட்சம் கிலோமீட்டர் வேணுமே?"

சைகுசா கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. பெரிய மனிதர் பரிதாபம்தான் படுவார்.

"நிஷிதானி, நீங்க கைத்தொழில்காரர். உங்களுக்குக் கயிறுதான் முதல்ல கண்ணுக்குத் தெரியும். தப்பில்ல. ஆனா யோசிங்க. கயிறு இல்லேன்னா என்ன ஆகும்? லிஃப்ட் போகாது. அவ்வளவுதானே? யாருக்கு நஷ்டம்? ஆனா போற லிஃப்ட்ல மரியாதை தப்பி நின்னா? உலகமே பாத்துகிட்டிருக்கும். இந்த இருபத்தாறு வருஷத்துல நம்ம வாரியத்தோட லிஃப்ட்ல ஒரு விபத்து உண்டா? ஒருத்தருக்கு ஒரு கீறல் உண்டா? நடுவழியில நின்னிருக்கா? எந்த லிஃப்ட் கம்பெனியாவது மார் தட்டி இப்படிச் சொல்ல முடியுமா?"

எல்லாரும் தலையசைத்தார்கள். முப்பத்து நான்கு வருஷத்தில் தான் பராமரித்த லிஃப்ட் மூன்று தடவை நடுவழியில் நின்றதைப் பார்த்திருந்த தோகுஜி தலையைக் குனிந்துகொண்டார்.

நவம்பரில் வழியனுப்பும் ஒத்திகை. விருந்தாளி லிஃப்டில் ஏறினால், கதவு மூடும்வரை நாம் குனிந்து வணங்கி நிற்போம் அல்லவா? விண்வெளி லிஃப்டோ கண்ணாடிப் பெட்டி. அது கண்ணுக்கு மறையும்வரை குனிந்திருக்க வேண்டும் என்று தீர்மானம். அதற்காக நிலவறையில் ஒட்டுப்பலகையால் ஒரு மாதிரிப் பெட்டி செய்து, சைகுசாவை அதற்குள் நிறுத்தி, பணியாளர் அத்தனை பேரும் வரிசையாகக் குனிந்தார்கள். பெட்டி நகரவில்லை. பலகைப் பெட்டி எப்படி நகரும்? நகராத பெட்டி கண்ணுக்கு மறையவும் இல்லை. மறையாததால் யாரும் நிமிரவும் இல்லை. ஒரு மணி ஐம்பது நிமிஷம். ஒருவர் மயங்கி முன்னால் விழுந்தார். அது 'ஆழ்ந்த மரியாதை' என்று குறிப்பில் ஏறியது. முதுகு விட்டுப்போன தோகுஜி கடைசியில் சுவரோரமாக நகர்ந்து போய் விளக்கை அணைத்தார். இருட்டில் பெட்டி மறைந்தது. எல்லாரும் நிமிர்ந்து பெருமூச்சு விட்டார்கள். ஒத்திகை வெற்றி.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மிட்சுயோ சிரிக்கவில்லை.

"டிசம்பர் வந்தாச்சு. கூடத்துல இப்பவே பாதி தொட்டிய மூடிட்டாங்களாம். எப்பங்க முடியும்?"

"நாலாவது பொருள் முடிஞ்சா முடிஞ்சது."

"அப்ப முடிச்சு வைங்க. அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு பாத்து அதையே சொல்லிட்டு வாங்களேன்."

தோகுஜிக்கு அது வாயில் கசந்தது. ஆனாலும் ஜனவரிக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"எடையில்லாத இடத்துல மேல், கீழ் கிடையாதுன்னு கவலைப்படறோம். எனக்குத் தோணறது ஒண்ணுதான். தலைவர் எங்க மிதக்கறாரோ, அதுதான் மேல். மத்தவங்க இருக்கற இடமெல்லாம் கீழ்."

சைகுசா கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். பதினோரு வருஷச் சிக்கல் அப்படியே அவிழ்ந்தது. அன்றே அறிக்கை தயாரானது. எழுநூற்று நாற்பது பக்கத்தின் சாரம் ஒரே வரி: 'விண்வெளி லிஃப்ட் சாத்தியமே, கயிறு நீங்கலாக.'

இனி கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் நாற்பத்தொரு பெயர் முத்திரைகள்தான் பாக்கி. கடைநிலையிலிருந்து தொடங்கி மேலே போகும். கடைநிலை தோகுஜிதான். தன் பெயர் முத்திரையை நேராக, சுத்தமாகக் குத்தி அனுப்பினார். மூன்று வாரம் கழித்து அறிக்கை அப்படியே திரும்பி வந்தது. ஹாமாசாகி முகம் வெளிறி ஓடி வந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! முத்திரை நேரா நிக்குதே! பக்கத்துல இருக்கற மேலதிகாரி முத்திரையைப் பாத்துச் சாய்ஞ்சு குனிஞ்சு இருக்க வேணாமா? முப்பத்தொம்பது பேர் குத்தின பிறகு துணைத்தலைவர் கண்டுபிடிச்சுட்டார். எல்லாம் முதல்லேர்ந்து!"

"மூணு வாரம் போச்சே..."

"மூணு வாரம் கெடக்கட்டும். அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?"

இந்தத் தடவை தோகுஜி தன் பெயரைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தே குத்தினார். ஹாமாசாகி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது குனியல, கால்ல விழுந்து கெடக்கு" என்று மனமாரப் பாராட்டினார்.

முதல் கோப்பு மார்ச் இருபத்தெட்டாம் தேதி மூடப்பட்டது. நிதியாண்டு முடிய மூன்று நாள். வாரியம் அதற்குள் இரண்டாவது கோப்புக்கு ஒரு நேரடி ஆய்வு செய்தாக வேண்டும் என்பதால், முப்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குப் பதினாலாம் எண் கட்டட வாசலில் கறுப்புக் கார்கள் வந்து நின்றன. நேரம் வீணாகாமலிருக்க முடிவு இடத்தை மட்டும் காலியாக விட்டு, நாற்பது முத்திரைகளையும் முன்கூட்டியே குத்திக் கொண்டுவந்திருந்தார்கள்.

படியில் யார் முன்னே போவது என்ற பேச்சு மறுபடி எழுந்தது. "ஆய்வு தலைவருடையது. அவர் மட்டும் போகட்டும். நாம் வழியனுப்புவோம்" என்று ஹாமாசாகி தீர்ப்புச் சொல்ல, ஒன்பது அதிகாரிகள் படிவாசலில் குனிந்தார்கள். சைகுசாவின் கைப்பை, கைத்தொலைபேசி எல்லாம் ஹாமாசாகியிடம். தலைவர் எதையும் தூக்கக் கூடாது அல்லவா? எழுபத்து நான்கு வயது சைகுசா, கோப்போடு வந்த தோகுஜி பின்தொடர, மாடிக்கு மாடி நின்று, கைப்பிடியைக் கட்டிப்பிடித்து, இருபத்தைந்து நிமிஷத்தில் ஐந்தாவது மாடியை அடைந்தார்.

மிட்சுயோ கோலூன்றி வரவேற்றாள். கோரைப்பாய் விரித்த சின்ன அறை. வாசலிலிருந்து தள்ளியிருக்கும் மூலைதான் பெரியவர் இடம் என்று சைகுசா தொலைக்காட்சிப் பெட்டிக்கும் துணி அலமாரிக்கும் நடுவே தன்னைச் செருகிக்கொண்டு, முழங்காலை மடக்கி முறைப்படி அமர்ந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். தேநீர் குடித்து மூச்சு வாங்கி முடித்ததும் பேசினார்.

"அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா வாரியம் உணர்ச்சியில முடிவெடுக்காது, ஆதாரத்துல முடிவெடுக்கும். இன்னிக்கு ஆதாரம் என்ன? எனக்கு எழுபத்து நாலு வயசு. லிஃப்ட் இல்லாம இங்க வந்துட்டேன். ஆக இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் தேவைன்னு நிரூபணமாகல. போதாக்குறைக்கு, உங்க லிஃப்ட் நாலு பேர் கொள்ற பெட்டி. அதுல மூலை எங்க, வாசல் எங்க? எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுகிட்டு சமமா நிக்க வேண்டியதுதான். அதை நான் எப்படி அனுமதிக்க முடியும்?"

சொல்லிவிட்டுக் காலி இடத்தில் 'தேவையில்லை' என்று எழுதி, தன் முத்திரையை எடுத்து, நட்டக்குத்தலாக, யாருக்கும் குனியாமல் குத்தினார்.

தோகுஜி ஆறு மாதம் பொத்தான் பக்கத்தில் நின்றது, குனிந்தது, கூசாமல் புகழ்ந்தது எல்லாம் அந்தச் சிவப்பு வட்டத்தில் முடிந்துபோனது. மிட்சுயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகைபோக்கியில் புகை கிளம்பியிருந்தது. அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

சைகுசா எழுந்திருக்க முயன்றார். எழவில்லை. அலமாரியைப் பிடித்து இன்னொரு தடவை முயன்றார். முழங்காலில் 'மடக்' என்று ஒரு சத்தம். அப்படியே பாயில் சரிந்தார்.

"ஆ... கால்! கால் அசையல! ஹாமாசாகியைக் கூப்பிடுங்க!"

தோகுஜி கைத்தாங்கலாக அவரைப் பால்கனிக் கதவுவரை நகர்த்தினார். சைகுசா கையை வீசி வீசிக் கூப்பிட்டார். தலைவர் மேலிருந்து வாழ்த்துகிறார் என்று எண்ணிக் கீழே இருந்தவர்கள் இன்னும் ஆழமாகக் குனிந்தார்கள்.

"இந்தக் கட்டடத்துல கீழ இறங்க என்ன ஏற்பாடு?" என்றார் சைகுசா, வலியில் பல்லைக் கடித்தபடி.

"லிஃப்ட் இருந்திருந்தா லிஃப்ட். இல்லாததால என் முதுகு."

"அந்த முடிவை... வேணும்னா மாத்திடலாம். பேனாவைக் குடுங்க."

"மாத்தணும்னா புதுப் படிவம், நாற்பத்தொரு முத்திரை, தலைவரே. கடைசி ஆள்கிட்டேர்ந்து தொடங்கணும். அது நான்தான். இப்பவே குத்திடறேன்." தோகுஜி அலமாரியிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, 'தேவை' என்று எழுதி, தன் முத்திரையைக் கொஞ்சமும் சாயாமல் நேராகக் குத்தினார். "நடுவுல முப்பத்தொம்பதும் குத்தி வந்ததும் நீங்க குத்திடலாம்."

"அதெல்லாம் அப்புறம்! முதல்ல என்னைக் கீழ கொண்டுபோங்க. குனிங்க!"

தோகுஜி குனியப் போனார். முப்பத்து நான்கு வருஷப் பழக்கம், உடம்பு தானாக மடங்கியது. பாதியில் நிமிர்ந்தார்.

"மன்னிக்கணும். உங்க உயரம் எவ்வளவு?"

"நூத்தி அம்பத்தெட்டு. எதுக்கு இப்ப?"

"மிட்சுயோ, உன் உயரம்?"

அவள் திரும்பினாள். மில் தொழிலாளர் கைப்பந்துக் குழுவில் வலை ஓரம் நின்று ஆடியவள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோலை ஊன்றி முழுசாக நிமிர்ந்து நின்றாள்.

"நூத்தி அறுபத்தாறு."

"உயரமானது முதலில், தலைவரே. உங்க விதிதான். பாரபட்சம் கிடையாது, சிபாரிசும் கிடையாது." தோகுஜி அவரை வணங்கினார். "கவலைப்படாதீங்க. உங்களுக்கு முன்னால ஒரே ஒரு கோப்புதான் இருக்கு."

மிட்சுயோ வாசலுக்கு நடந்துபோய் ஆணியிலிருந்து கிண்ணத்தையும் துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டாள். விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தானாகவே அவர் முதுகில் சாய்ந்தாள்.

அறுபத்து நான்கு படி. படிவாசலில் கனமான காலடிச் சத்தம் கேட்டதும் ஒன்பது தலைகளும் இடுப்புக்குக் கீழே போயின. முதுகில் சுமக்கப்படும் மேலதிகாரியை நிமிர்ந்து பார்ப்பது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு! தோகுஜியின் தேய்ந்த செருப்பு மட்டும் அவர்கள் கண்ணில் பட்டது.

"தலைவரே, மேல எல்லாம் திருப்திதானா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார் ஹாமாசாகி.

மிட்சுயோ கண்ணை மூடியிருக்கவில்லை. ஒன்பது முதுகுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ம்" என்றாள். தலைவர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் அதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தெரு முனையில் தோகுஜி மூச்சு வாங்க நின்றார்.

"இன்னும் குனிஞ்சிருக்காங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "இருக்காங்க. நாம முனை திரும்பி மறைஞ்சாத்தான் நிமிருவாங்க போல. அவரு மேல இன்னும் கையை வீசறது இங்கேர்ந்தே தெரியுதே. எப்ப இறக்குவீங்க?"

"நீ குளிச்சு முடிச்சதும்."

மிட்சுயோ கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் மெதுவாத்தான் குளிப்பேன்" என்றாள்.